ஒரு நாள் வயது ஆண் கொசு

கொசு பிடிப்பதுதான் என் வேலை. அரசுக் காகிதங்களில் அதற்குப் பூச்சியியல் என்று பெரிய பெயர் உண்டு. ஆனால் காலையில் நான் தேனியிலிருந்து கிளம்பும்போது பையில் இருப்பது ஒரு கண்ணாடிக் குழாய், அதில் மாட்டிய ரப்பர் டியூப், ஒரு டார்ச், வலைத்துணி கட்டிய காகிதக் கப்புகள், ஒரு லென்ஸ். சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவின் மேல் குழாயின் வாயைக் கொண்டுபோய், டியூபின் மறுமுனையை வாயில் வைத்து மெல்ல உறிஞ்சினால் கொசு உள்ளே வந்துவிடும். இதை முதல்முறை பார்க்கிற எல்லாரும், அது தொண்டைக்குள் போய்விடாதா என்று கேட்பார்கள். போகாது. நடுவில் ஒரு வலை இருக்கிறது.

என் சொந்த ஊர் மார்க்கையன்கோட்டை. விலங்கியல் படித்துவிட்டு நான் இந்த வேலையில் சேர்ந்தபோது அம்மாவுக்குப் பெருமைதான். ஆனாலும் அக்கம்பக்கத்தில் யாராவது கேட்டால் "சுகாதாரத்துல இருக்கா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். கொசு என்ற சொல்லை அம்மா வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

இந்த வேலையில் நான் கெட்டிக்காரி. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. வாலைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தால் மலேரியா கொசு, கூன் போட்டு உட்கார்ந்தால் சாக்கடைக் கொசு, காலில் வெள்ளை வளையம் போட்டுக்கொண்டு பட்டப்பகலில் கணுக்காலைத் தேடி வந்தால் டெங்கு கொசு. ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அது எங்கே ஒளிந்திருக்கும் என்று கண் தானாகவே போகும். கட்டிலுக்கு அடியில், கொடியில் தொங்கும் துணிகளுக்குப் பின்னால், பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில். இவ்வளவு தெரிந்த நான்தான் ஒரு தெருவைப் பார்த்துவிட்டு "சுத்தம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

அது காமயகவுண்டன்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஐப்பசி மழை நின்று சில நாட்கள் ஆகியிருந்தன. ஒரே தெருவில் அடுத்தடுத்து காய்ச்சல் என்று தகவல் வந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெங்கு. தெரு என்றால் எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள். ஒரு வரிசையின் பின்புறச் சுவரை ஒட்டிக் கம்பிவேலி, வேலிக்கு அந்தப் பக்கம் திராட்சைத் தோட்டம்.

நானும் ஊர் நர்ஸும் வீடு வீடாகப் போனோம். தண்ணீர்த் தொட்டி, டிரம், அண்டா, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மொட்டைமாடியில் கிடக்கும் உடைந்த வாளி, ஆட்டுரல் குழி வரைக்கும் டார்ச் அடித்துப் பார்த்தோம். ஒரு புழு இல்லை. காய்ச்சல் என்றதுமே அந்தத் தெருப் பெண்கள் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டிருந்தார்கள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

தோட்டத்தை ஒட்டிய வரிசையில் கடைசி வீட்டில் ஒரு பெண். என் வயதுதான் இருக்கும். பின்னால் இருக்கிற அதே திராட்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். உள்ளே அவருடைய மகள், ஒன்பதாவது படிக்கிறவள், நெற்றியில் ஈரத்துணியோடு படுத்திருந்தாள்.

"இங்கன கொசு இருக்கா மேடம்?" என்று கேட்டார்.

"இல்லம்மா. ஒங்க வீடும் சுத்தமா இருக்கு, தெருவும் சுத்தமா இருக்கு. பிள்ளைக்குத் தண்ணி நிறையக் குடுங்க. காய்ச்சல் விட்டாலும் அசந்துறாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்றாம் நாள் போன் வந்தது. ஊர் நர்ஸிடம் என் எண்ணை வாங்கியிருக்கிறார்.

"மேடம், கடைசி வீட்டுக்காரி பேசுறேன். பிள்ளைய ஆஸ்பத்திரில சேத்துருக்கோம். ரத்தத்துல தட்டணு கொறையுதுன்னு டாக்டர் சொல்றாக. சுத்தம்னு எழுதிட்டுப் போனீகளே மேடம். சுத்தமான தெருவுல எப்பிடி வந்துச்சு?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். புழுவைத் தேடிய நான் கொசுவைப் பிடித்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. புழு இல்லை என்றால் கொசு இல்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். இந்த வேலைக்கு நேற்று வந்தவர்கள்கூட அந்தத் தப்பைச் செய்யமாட்டார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அந்தக் கடைசி வீட்டு வாசலில் நின்றேன். கணவர் மகளோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். இவர் சோறாக்கி எடுத்துப்போக வந்திருந்தார்.

"ஒங்க வீட்டுல கொஞ்ச நேரம் உக்காந்துக்கிறவா?" என்றேன்.

"உக்காருங்க மேடம். நான் அடுப்பு வேலையப் பாக்குறேன்" என்றார்.

கட்டிலுக்கு அடியில் முதல் கொசு கிடைத்தது. சேலைகளுக்குப் பின்னால் இன்னும் சில. பின்கதவைத் திறந்துவைத்து வாசற்படியில் காலை நீட்டி உட்கார்ந்தால், அவை தோட்டப் பக்கமிருந்தே வந்தன. ஒன்றை லென்ஸுக்கு அடியில் பார்த்தேன். டெங்கு பரப்புகிற கொசுவில் இரண்டு வகை. ஒன்று வீட்டுக்குள்ளேயே பிறந்து வீட்டுக்குள்ளேயே சாகிறது. அதன் முதுகில் வளைந்த கோடுகள் இருக்கும். இன்னொன்று செடிகொடிகளுக்கு நடுவே வாழ்வது. அதன் முதுகில் நட்டநடுவே நேராக ஒற்றை வெள்ளைக் கோடு. நான் பிடித்த அத்தனையும் ஒற்றைக் கோடு.

கொசு இந்த வீடுகளில் பிறக்கவில்லை. பெண்கள் டிரம்மை எவ்வளவு தேய்த்தாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் வெளியே வந்தபோது தெருவில் கூட்டம் கூடியிருந்தது. வார்டு மெம்பரும் வந்திருந்தார். தெருக்கோடியில் தேங்கி நின்ற சாக்கடையைக் காட்டி ஆளாளுக்குப் பேசினார்கள். புகை அடிக்க வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே பேச்சாக இருந்தார்கள்.

"இது சாக்கடையில பொறக்குற கொசு இல்லண்ணே. நல்ல தண்ணில பொறக்குறது. எங்க பொறக்குதுன்னு கண்டுபிடிக்காம புகை அடிச்சா, இன்னைக்குச் சாகும், நாளைக்கு வேற வரும்" என்றேன் மெம்பரிடம்.

அவர் தணிந்த குரலில் சொன்னார். "நீங்க சொல்றது சரியாக்கூட இருக்கலாம் மேடம். ஆனா புகை அடிச்சாத்தான் சனம் அடங்கும். பிள்ளைக ஆஸ்பத்திரில கெடக்குது. ஒன்னும் செய்யலன்னு எங்களத்தான் ஏசுறாக."

அவரைக் குறை சொல்வதற்கில்லை. "அடிங்க. ஆனா மறுநாள் காலைல நான் வந்து திரும்பவும் பிடிச்சுப் பாப்பேன். கொசு இருந்துச்சுன்னா, நான் கேக்குற எடத்துக்கு நீங்க என்னோட வரணும்" என்றேன். ஒத்துக்கொண்டார்.

அன்று மாலை புகை அடித்தார்கள். தெருவே வெள்ளையாகிவிட்டது என்று நர்ஸ் போனில் சொன்னார். மறுநாள் காலை அதே வீடு, அதே கட்டில். கப்புகள் நிறைந்தன. கிடைத்தவற்றில் பாதிக்கு மேல் ஆண்.

ஆண் கொசு கடிக்காது. அதனால் அதை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அன்று அதுதான் வேண்டியிருந்தது. கப்புகளை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு நேராகத் தேனிக்கு வந்து மைக்ராஸ்கோப்பின் முன் உட்கார்ந்தேன். கூட்டிலிருந்து வெளிவரும் ஆண் கொசுவின் வயிற்று நுனி, பிறந்த ஒரு நாளுக்குள் மெல்ல மெல்லத் திரும்பித் தலைகீழாகிறது. அது முழுதாகத் திரும்பியிருக்கவில்லை என்றால் அந்தக் கொசுவுக்கு இன்னும் ஒரு நாள் ஆகவில்லை என்று பொருள். படித்த காலத்தில் இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்ததோடு சரி. அதன் பிறகு அதற்கு வேலை வந்ததில்லை.

முதல் கொசு திரும்பியிருந்தது. இரண்டாவதும். மூன்றாவது பாதியில் நின்றிருந்தது. அடுத்ததும் பாதி. வரிசையாக நான்கைந்து அப்படியே. நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். புகை அடங்கிய பிறகு பிறந்தவை இவை. ஒரு நாள்கூட ஆகாத ஆண் கொசு வெகுதூரம் பறந்திருக்காது. அது பிறந்த தண்ணீர் அந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. வீட்டில் இல்லை, தெருவில் இல்லை. அப்படியானால் வேலிக்கு அந்தப் பக்கம்தான். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை.

மறுநாள் மெம்பருக்குச் சொல்லியனுப்பிவிட்டு, கடைசி வீட்டுப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர் முகம் மாறிவிட்டது.

"அவுக தோட்டத்துலதான் மேடம் எனக்குப் பொழப்பு. எம் பேர இழுத்துறாதீக. எங்க வீட்டுல பிடிச்ச கொசுன்னு சொல்லாதீக."

"சொல்லமாட்டேன்" என்றேன். "மக எப்படி இருக்கா?"

"நேத்து ராத்திரி கஞ்சி குடிச்சாளாம்."

தோட்டக்காரருக்கு அறுபது வயதிருக்கும். கம்பம் பன்னீர் திராட்சை, பழுத்து வெட்டுக்குத் தயாராகத் தொங்கியது. பெண்கள் ஏற்கனவே வேலையில் இருந்தார்கள். கடைசி வீட்டுப் பெண்ணும் அரை நாள் வேலைக்கென்று வந்து அவர்களோடு நின்றார். மெம்பர் என்னை அறிமுகம் செய்துவைத்தார்.

"ஏம்மா, நாங்க கொடிக்கு அடிக்கிற மருந்துக்கு இங்கன ஈ காக்கா அண்டாது. கொசு எங்கிட்டுருந்து வரும்? சுத்திப் பாத்துக்கங்க. வெரசாப் பாத்துட்டுப் போங்க. நாளைக்கு வெட்டு இருக்கு" என்றார்.

அவர் அடிப்பது இலையில் வரும் சாம்பல் நோய்க்கான மருந்து. கொசுப்புழுவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதை அப்போது சொல்லவில்லை. பந்தலுக்கு அடியில் குனிந்து குனிந்து சுற்றினேன். சொட்டுநீர்ப் பாசனம், தரையில் தண்ணீர் தேங்க வழியில்லை. மருந்து கலக்கும் டிரம்கள் கவிழ்ந்து கிடந்தன. தேங்காய்ச் சிரட்டை இல்லை, டயர் இல்லை, குப்பைகூட இல்லை. அவ்வளவு சுத்தமாகத் தோட்டம் வைத்திருந்த மனிதர் அவர். ஆனால் என் கணுக்காலில் கொசு உட்கார்ந்துகொண்டே இருந்தது. நிழலில், பகல் பத்து மணிக்கு.

ஒரு மணி நேரம் கழித்து இடுப்பு வலித்தது. வேலியோரமாக ஒரு தூணில் கையை ஊன்றி நிமிர்ந்தேன். பந்தலைத் தாங்கி நின்றவை பெரும்பாலும் பழைய கல்தூண்கள். வேலிப்பக்க வரிசையில் மட்டும் இரும்புக் குழாய்கள். போன வருஷக் காற்றில் கற்கள் முறிந்துவிட்டதால் பழைய குழாய்களை வாங்கி, அடியில் கான்கிரீட் போட்டு நட்டதாக மெம்பர் சொன்னார். கையிலிருந்த டார்ச்சால் குழாயைச் சும்மா தட்டினேன். தொம் என்று கேட்டது. தலைக்கு மேலே எட்டித் தட்டினேன். டங் என்று ஒலித்தது. கீழே மறுபடி தொம். பக்கத்துக் குழாயும் அப்படியே. மேலே காலி, கீழே ஏதோ நிரம்பியிருக்கிறது.

"அய்யா, இந்தக் கொழாய்க்குள்ள என்ன இருக்கு?"

"என்ன இருக்கும்? வெறும் கொழாய்."

"மேல மூடியிருக்கீங்களா?"

"அத எதுக்கு மூடணும்?"

"ஒரு ஏணி வேணும்."

அவருக்குச் சுருக்கென்றுவிட்டது. "இந்தாம்மா, பழம் தொங்குற நேரத்துல ஏணியச் சாத்துனா குலை எல்லாம் உதிரும். நாளைக்கு வண்டி வருது. பாத்தது போதும், கெளம்புங்க." மெம்பர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் இருந்த இடத்திலேயே நின்றேன். போவதாக இல்லை.

அப்போது பின்னால் சருகு மிதிபடும் சத்தம் கேட்டது. கடைசி வீட்டுப் பெண் மர ஏணியைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். குலைகளில் படாமல் லாவகமாகச் சாய்த்துக் குழாயில் சாத்தி, காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"அய்யா, எம் பிள்ளை ஆஸ்பத்திரில கெடக்கா. மேடம் ஒரு தடவ பாத்துக்கிறட்டும். குலை உதுந்தா எஞ் சம்பளத்துல கழிச்சுக்கங்க."

தோட்டக்காரர் ஓரடி விலகி நின்றார். நான் ஏறினேன்.

குழாயின் வாய்க்குள் டார்ச் அடித்தபோது, ஒரு கை ஆழத்தில் தண்ணீர் மின்னியது. சொட்டுநீர் டியூபில் ஒரு துண்டை வெட்டித் தரச்சொல்லி, உள்ளே இறக்கி, மேல் வாயைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினேன். கீழே மெம்பர் என் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தட்டை எடுத்து நீட்டினார். விரலை எடுத்ததும் தண்ணீர் கொட்டியது. தட்டு முழுக்கப் புழு. நெளிந்து, துள்ளி, ஒன்றன்மேல் ஒன்று விழுந்து. நடுவே காற்புள்ளி போல வளைந்த கூட்டுப்புழுக்கள். அன்று மாலையே கொசுவாகியிருக்கக்கூடியவை.

தோட்டக்காரர் தட்டை வாங்கிக் கையில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அடுத்த குழாயிலும் எடுக்கச் சொன்னார். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும்.

பிறகு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். மற்ற பெண்கள் வேலையை விட்டுவிட்டு வந்து சுற்றி நின்றார்கள்.

"மொதக் காய்ச்சல் எனக்குத்தாம்மா வந்துச்சு" என்றார். குரல் இறங்கியிருந்தது. "மழை தொடங்குன கையோட. கம்பத்துல பிரைவேட் ஆஸ்பத்திரில ரெண்டு நாள் கெடந்தேன். டெங்குன்னு எழுதித்தான் குடுத்தாக. வெளிய சொல்லல. தோட்டத்துல காய்ச்சல்னு பேரு வந்துட்டா வெட்டுக்கு ஆளு வராது, யாவாரி வரமாட்டாருன்னு நெனச்சேன்." கடைசி வீட்டுப் பெண்ணை நிமிர்ந்து பார்த்தார். "ஒம் மகளுக்கு வரும்னு தெரியலத்தா."

அந்தப் பெண் ஏணியைப் பிடித்தபடியே நின்றார். "தெரிஞ்சா சொல்லியிருப்பீக" என்று மட்டும் சொன்னார். மன்னித்துச் சொன்னாரா, குத்திச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

எனக்கு அப்போது எல்லாம் ஒழுங்காகத் தெரிந்தது. காய்ச்சலோடு இந்தப் பந்தலுக்கு அடியில் அவர் நடமாடியிருக்கிறார். அவரைக் கடித்த கொசுக்கள் வேலியைத் தாண்டி, திறந்திருந்த பின்கதவுகள் வழியாக வீடுகளுக்குள் போயிருக்கின்றன. இதை உரக்கச் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் வெட்டு நடக்கவில்லை. வண்டிக்காரருக்குப் போன் செய்து இரண்டு நாள் தள்ளிப்போட்டார். வேலிப்பக்கக் குழாய் ஒவ்வொன்றிலும் மணல் கொட்டி, தண்ணீர் வழிந்து வெளியேறும்வரை நிரப்பி, மேலே சிமெண்டால் பூசினார்கள். முதல் சட்டி மணலை அவரே ஏணியில் ஏறிக் கொட்டினார். வழிந்த தண்ணீர் மண்ணில் விழுந்து சுண்டியது. புழுக்கள் கொஞ்ச நேரம் துடித்து அடங்கின. நர்ஸ் அதுவரை பதிவாகாதிருந்த தோட்டக்காரரின் காய்ச்சலையும் பதிந்துகொண்டார்.

அதன் பிறகு வாரம் ஒருமுறை அதே வீட்டில் போய் உட்கார்ந்தேன். முதல் வாரம் கொசு இருந்தது, ஆனால் ஆண் குறைந்திருந்தது. இரண்டாம் வாரம் கிடைத்ததெல்லாம் வயதான பெண் கொசுக்கள். மூன்றாம் வாரம் இரண்டு மணி நேரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தும் ஒன்றுகூட வரவில்லை. புதிதாகக் காய்ச்சலும் இல்லை. நான் அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கையில், முதல் நாள் நான் எழுதியது தவறு என்பதையும் சேர்த்து எழுதினேன். எழுதவேண்டாம் என்று அலுவலகத்தில் ஒருவர் அன்போடு சொன்னார். எழுதினால்தான் அடுத்தவர் குழாயைத் தட்டிப் பார்ப்பார் என்றேன்.

அந்தப் பெண்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டாள். மெலிந்திருந்தாள், முடி கொட்டுகிறது என்று கவலைப்பட்டாள். என் லென்ஸை வாங்கி, முன்பு அவள் வீட்டில் பிடித்ததில் நான் எடுத்துவைத்திருந்த ஒரு கொசுவைக் கப்புக்குள் பார்த்தாள்.

"இதா என்னையக் கடிச்சது?"

"இது ஆண். கடிக்காது."

"அப்ப இத எதுக்குப் பிடிச்சீக?"

"அதுக்கு வயசு என்னன்னு பாக்க."

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் அம்மாவும் அடுப்படியில் இருந்து சிரித்தார்.

தை மாதம் ஒருநாள் தோட்டக்காரர் போன் செய்தார். அதே ஊரில் இன்னொருவர் புதிதாகக் குழாய் நட்டுப் பந்தல் போட்டிருக்கிறாராம். நான் போனபோது தன் வண்டியில் வந்து, ஊர் முனையிலேயே காத்திருந்தார். இருவருமாகப் போனோம். அந்தத் தோட்டக்காரர் இளவயதுக்காரர்.

"நம்ம தோட்டத்துல ஏதுண்ணே கொசு? அம்புட்டு மருந்து அடிக்கிறோம்" என்றார்.

"ஏலே, அந்த மருந்து இலைக்கு. கொழாய்க்குள்ள எறங்காது. ஏணியக் கொண்டா" என்றார் இவர்.

ஏணி வந்தது. மழை இல்லாத காலம், பெரும்பாலான குழாய்கள் காய்ந்திருந்தன. இரண்டில் மட்டும் தண்ணீர் இருந்தது, ஒன்றில் புழு. மணல் ஏற்கனவே அவருடைய வண்டியின் பின்னால் சாக்கில் கட்டியிருந்தது. மதியத்துக்குள் எல்லாக் குழாய்களையும் அடைத்துவிட்டு, கம்பத்தில் சாப்பிட்டுவிட்டு நான் அலுவலகம் திரும்பினேன்.